வயது முதிர்ந்த குதிரைக்கு ஈத்தொல்லை நீக்குதலும் உடற்புஷ்டி அளித்தலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும் யாத்திரிகர்களுக்கு ஒரு காலத்தில் ஜட்கா வண்டியே பெரிய துணையாக இருந்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபத்துக் கற்றூண்களில் பாய்ந்து நிற்கும் குதிரைகளைக் காணாதார் இலர். மோட்டார் வண்டி பெருகிய பின்னர் ஜட்காக்கள் மறைந்தன. ஆயினும் குதிரை இந்தச் சீமையை விட்டு முற்றும் போய்விடவில்லை. பொங்கலையொட்டியும் கோயில் திருவிழாக்களையொட்டியும் நடைபெறும் குதிரை வண்டிப் பந்தயங்களுக்காகவும், கல்யாண ஊர்வலங்களுக்காகவும், அபிமானத்தின் பொருட்டும் குதிரை வைத்திருக்கும் குடியானவர்கள் இன்றும் பல கிராமங்களில் உள்ளனர்.

இவ்விதக் குதிரைகள் பந்தயத்திற்கு உதவாத வயதை அடைந்ததும், கைமாறிக் கைமாறிக் கடைசியில் கவனிப்பாரற்றுப் போவதுண்டு. விலா எலும்பு தெரிய இளைத்து, கண்களில் ஈ மொய்க்க நிற்கும் கிழக் குதிரையைக் கண்டால், "வயதாகிவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த எண்ணம் தவறானது. வயது ஒன்றினால் மட்டும் குதிரை எலும்பும் தோலுமாக ஆவதில்லை. இளைப்பிற்குக் காரணம் பெரும்பாலும் பல்லிலோ, தீனியிலோ, வயிற்றுப் புழுவிலோ, ஈயினால் வந்த வியாதியிலோ இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை நீக்கக் கூடியவை. குதிரை நல்ல பராமரிப்பில் 25 வயதைத் தாண்டியும் வாழக் கூடிய பிராணி.

வயதை அறிதல்

முதலில் குதிரையின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரோடு ஜில்லாவில் அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் சந்தை போன்ற இடங்களில் குதிரை வாங்குவோர் இதில் ஏமாறுவதுண்டு. மேல்தாடையின் முன்பற்களில் ஓரமாக உள்ள பல்லைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 10 வயதில் அதன் வெளிப்புறத்தில் ஈறையொட்டி ஒரு பள்ளக்கோடு தோன்றும். 15 வயதில் அது பல்லின் பாதி நீளம் வரை இறங்கும். 20 வயதில் பல்லின் நுனி வரை வந்துவிடும். அதன் பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி 30 வயதளவில் முற்றும் மறையும். இது துல்லியமான கணக்கன்று. எனினும் 8 வயது என்று சொல்லி விற்கப்படும் குதிரைக்கு 18 வயது என்பதைக் கண்டுகொள்ள இது போதும்.

ஈக்களும் அவற்றால் விளையும் கேடும்

ஈயை அற்பமாக எண்ணலாகாது. ஈ மொய்க்கும் குதிரை காலை உதைத்துக்கொண்டும் தலையை ஆட்டிக்கொண்டும் நிற்குமேயன்றி நிம்மதியாக மேயாது, படுத்து உறங்காது. மேயாத குதிரைக்கு உடம்பு வைக்காது. ஆதலின் உடற்புஷ்டி அளிக்க முயல்வோர் ஈயை ஒழிக்காமல் தீனியை மட்டும் கூட்டுவதால் பயன் குறைவு. குதிரையை வருத்தும் ஈக்கள் பல வகைப்படும்.

1. வீட்டு ஈ. இது கடிப்பதில்லை. கண்ணீரையும் புண்ணின் நீரையும் உறிஞ்சும். புண்ணிலும் கண்ணோரத்திலும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளை விட்டுச் செல்லும். இதனால் உண்டாகும் கோடைப்புண் சாதாரணக் களிம்புகளுக்கு ஆறுவதில்லை. ஆறாத புண்ணைக் கண்டால் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

2. லாய ஈ. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருக்கும். ஆனால் முன்னோக்கி நீண்ட ஊசி போன்ற மூக்கு உண்டு. பெரும்பாலும் கால்களில் கடித்து ரத்தம் குடிக்கும். குதிரை ஓயாமல் காலை உதைக்குமாயின் இதையே சந்தேகிக்க வேண்டும்.

3. பெரிய குதிரை ஈ. உடல் பருத்தது, கடியும் கடுமையானது. ஆற்றங்கரை, வாய்க்கால், சதுப்பு நிலம் ஆகிய ஈரமான இடங்களில் உற்பத்தியாகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கம் தீவிலும் அதைச் சுற்றிய பாசனக் கிராமங்களிலும் இதற்கு ஏற்ற இடம் மிகுதி. நல்ல வெயிலில் கடிக்கும். இருண்ட லாயத்திற்குள் நுழைவது குறைவு.

4. தட்டை ஈ. தட்டையான உடலுடன் மயிருக்கிடையே பக்கவாட்டில் நகரும். வாலடியிலும் தொடையிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். இது முட்டையிடாமல் முதிர்ந்த புழுவையே சுவர் வெடிப்பு முதலிய மறைவிடங்களில் இடும். ஆகையால் லாயத்துச் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும்.

5. இரைப்பைப் புழு ஈ. இது கடிப்பதில்லை. முன்னங்கால் மயிரில் மஞ்சள் நிறமான சிறு முட்டைகளை ஒட்டிவிடும். குதிரை அவற்றை நக்கும்போது புழு வாய்க்குள் சென்று இரைப்பையில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் வாழும்.

6. கொசுவிலும் சிறிய கடிப்பூச்சி. அந்தியிலும் விடியலிலும் கடிக்கும். பிடரியிலும் வாலடியிலும் கடும் அரிப்பை உண்டாக்கும். 1960-ல் இந்தியாவில் புகுந்து பெருநாசம் விளைவித்த ஆப்பிரிக்கக் குதிரை வியாதியைப் பரப்பியது இவ்வினத்துப் பூச்சியே.

சர்ரா என்னும் வியாதி

ஈயினால் பரவும் வியாதிகளுள் இந்நாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சர்ரா. இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1880-ல் தேரா இஸ்மாயில் கான் என்னுமிடத்தில் குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தவர் கிரிபித் ஈவான்ஸ் என்னும் கால்நடை வைத்தியர். பெரிய குதிரை ஈயும் லாய ஈயும் நோயுற்ற பிராணியைக் கடித்த மூக்குடன் அடுத்த பிராணியைக் கடிக்கும்போது இது பரவுகிறது. மாடும் எருமையும் வெளிக்குத் தெரியாமலே இந்நோயைத் தாங்கியிருக்கக் கூடும். ஆதலால் மாட்டுத் தொழுவத்துடன் ஒட்டிக் கட்டப்படும் குதிரைக்கு அபாயம் அதிகம்.

விட்டு விட்டு ஜுரம் காணும். தீனி தின்றபோதிலும் உடல் நாளுக்கு நாள் இளைக்கும். கண்ணின் உட்சவ்வு வெளிறும். கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் தோன்றும். பின்கால்கள் தள்ளாடும். இவ்வடையாளங்களைக் கண்டால் வயதின் கோளாறு என்று காலங் கடத்தாமல், ஜுரம் இருக்கும்போதே ரத்தச் சோதனை செய்விக்க வேண்டும். காலத்தில் கண்டால் ஊசி மருந்தினால் குணப்படுத்தலாம். கவனியாது விட்டால் குதிரை பிழைப்பது அரிது.

ஈயை ஒழிக்கும் முறைகள்

ஈயை அடித்து ஒழிப்பதைவிட அது பிறக்கும் இடத்தை ஒழிப்பதே மேலானது. வெப்பக் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக 7 முதல் 10 நாட்களே பிடிக்கும். லாய ஈக்கு ஏறத்தாழ 2 முதல் 3 வாரங்கள் ஆகும். ஆகையால் சாணம் அகற்றுவதில் ஒரு வாரம் தவறினாலும் ஒரு தலைமுறை ஈ பறந்துவிடும்.

அ. லாயத்துச் சாணத்தையும் மூத்திரத்தில் நனைந்த வைக்கோலையும் தினந்தோறும் அள்ள வேண்டும். லாய ஈக்குச் சாணத்தைவிடச் சாணம் கலந்து அழுகும் வைக்கோலும் தீனி மிச்சமுமே அதிகப் பிரியம். தொட்டியடியில் சிந்திய தவிடு, புளித்த கொள்ளு, தோட்டத்தில் குவிந்து அழுகும் இலைசருகு இவற்றையும் விட்டுவைக்கலாகாது.

ஆ. அள்ளியதை லாயத்திற்கு எட்டத்தில் குவித்து, நெருக்கி மிதித்து, பாலிதீன் தாளினால் மூடிவிட வேண்டும். குதிரைச் சாணம் விரைவில் சூடேறும் இயல்புடையது. குவியலின் நடுவில் உண்டாகும் உஷ்ணம் புழுக்களைக் கொல்லும். ஓரங்களில் சூடு குறைவாதலால் வாரம் ஒருமுறை ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். இவ்விதம் மக்கிய எரு வயலுக்கும் வாழைக்கும் உதவும். சித்திரை வைகாசி வெயிலில், குவிக்காமல் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தாலும் முட்டையும் புழுவும் மடியும். ஐப்பசி கார்த்திகை மழையில் பரப்பும் முறை பயன்படாது; மூடிய குவியலே தகும்.

இ. கோழிகளைக் குப்பையருகே விட்டால் புழுக்களைக் கிளறித் தின்னும். ஆனால் தீனித் தொட்டியில் அவை ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈ. லாயத்துத் தரை ஜலம் தேங்காமல் சாய்வாக இருக்க வேண்டும். மின்விசிறி வைக்க வசதியுள்ளவர்கள் வைப்பது நலம். சிறிய கடிப்பூச்சி பறக்கும் வலிமையற்றதாகையால் காற்றோட்டத்தில் அணுகாது.

உ. உச்சி வெயிலில் குதிரையை நிழலான லாயத்தில் கட்டவும். அந்தியிலும் விடியலிலும் வாய்க்கால் ஓரத்தில் மேய விடலாகாது. முற்பகலிலும் பிற்பகல் வெயில் தாழ்ந்த பின்னும் மேய்த்து, இருட்டுமுன் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஊ. கண்களுக்கு மெல்லிய வலையாலான முகமூடி அணிவிக்கலாம். இரவில் அதைக் கழற்றிவிட வேண்டும். குதிரைக்கு வாலே சாமரம். அதனை அழகுக்காகக் கத்தரிப்பது கொடுமையாகும்.

எ. முன்னங்கால் மயிரில் மஞ்சள் முட்டை தெரிந்தால் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்து அழிக்கவும். வயிற்றில் சென்ற புழுவிற்கு ஐவர்மெக்டின் மருந்தை வைத்தியர் சொல்லும் அளவில் வாய்வழி கொடுக்கலாம்.

புகை போடும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேப்பிலை, நொச்சி இவற்றைப் புகைத்தால் ஈ சற்று விலகும் என்பது மெய். ஆனால் அடைத்த லாயத்தில் புகை மண்டினால் முதிர்ந்த குதிரைக்கு மூச்சிரைப்பு உண்டாகும். புகை போடுவதாயின் லாயத்திற்கு வெளியே, காற்று வரும் திசையில் சற்று எட்டப் போடவும். தேங்காயெண்ணெயில் சிறிதளவு வேப்பெண்ணெய் கலந்து தடவுவோர், முதலில் சிறிய இடத்தில் தடவி, தோல் தடிக்காததைக் கண்ட பின்னரே மற்ற இடங்களில் தடவ வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: மாட்டு உண்ணிக்குப் பயன்படுத்தும் அமிட்ராஸ் என்னும் மருந்தைக் குதிரைக்கு ஒருபோதும் தடவவோ தெளிக்கவோ கூடாது. அது குதிரையின் குடல் அசைவை நிறுத்தி, சாணம் இறுகி, வயிற்றுவலியால் உயிரிழக்கச் செய்யக் கூடும். ஒரே கொட்டகையில் மாடும் குதிரையும் வைத்திருப்போர், மாட்டிற்கு வாங்கிய மருந்தில் மிஞ்சியதைக் குதிரைக்கும் தெளித்துவிடும் எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

பல்லும் வயிறும்

தீனியைக் கூட்டுவதற்கு முன் வாயைச் சோதிக்க வேண்டும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வீதம் வெளிவந்து தேய்ந்துகொண்டேயிருக்கும். தேய்மானம் சமமாக இராததால் மேற்பல்லின் வெளியோரமும் கீழ்ப்பல்லின் உள்ளோரமும் கத்தி போல் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புதல், தலையைச் சாய்த்து மெல்லுதல், வாய் நாற்றம், சாணத்தில் முழுத் தானியம் காணப்படுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். கால்நடை வைத்தியர் அரம் கொண்டு பல்லைத் தேய்த்துச் சமப்படுத்துவார். முதிர்ந்த குதிரைக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனை அவசியம்.

வயிற்றுப் புழுவிற்கு, சாணத்தைச் சோதித்து மருந்து கொடுப்பதே சரியான முறை. கண்டபடி அடிக்கடி கொடுத்தால் புழுக்கள் மருந்துக்கு அடங்காதனவாகிவிடும்.

காவிரி கொள்ளிடம் மணற்பாங்கில் மேயும் குதிரைக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. வேரோடு செதுக்கிய அருகம்புல்லுடன் மணல் வயிற்றில் சேர்ந்து, கழிச்சலும் வயிற்றுவலியும் தரும். ஒரு கைப்பிடி சாணத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஜலம் விட்டுக் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால், மணல் அடியில் படிவதைக் காணலாம். அருகம்புல்லை அலசி உதறிப் போடுவதும், தரையில் கொட்டாமல் தொட்டியில் வைப்பதும் இதற்குப் பரிகாரம்.

எடையை மதிப்பிடுதல்

தராசு இல்லாமலே எடையை அறியலாம். முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். உதாரணமாக, சுற்றளவு 150, நீளம் 135 ஆனால் எடை ஏறத்தாழ 256 கிலோ. இரண்டு மாதம் சென்று சுற்றளவு 154 ஆகியிருந்தால் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதாவது ஏறத்தாழ 14 கிலோ கூடியிருக்கிறது. முதிர்ந்த குதிரைக்கு இவ்வளவு நிதானமான வளர்ச்சியே நலம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் எளிதில் தட்டுப்படும் நிலையே போதுமான நிலை. அதற்கு மேல் கொழுக்க வைப்பது குளம்புக்கும் மூட்டுக்கும் கேடு.

தீனி

குதிரைக்கு மாட்டைப் போல் நான்கு அறை வயிறு கிடையாது. இரைப்பை சிறியது. ஆகையால் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு 2 முதல் 2½ பங்கு உலர்ந்த தீனி ஒரு நாளைக்குத் தேவை. அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். 250 கிலோ எடையுள்ள முதிர்ந்த குதிரைக்கு ஒரு நாளைக்குத் தக்க தீனி வருமாறு:

உலர்ந்த நல்ல புல் 2½ கிலோ. அலசிய பச்சை அருகம்புல் 6 கிலோ. பச்சைக் குதிரை மசால் 3 கிலோ. வேகவைத்த கொள்ளு (உலர்ந்த எடையில்) ½ கிலோ. நொறுக்கிய பார்லி அல்லது கம்பு ½ கிலோ. தவிடு 200 கிராம். உப்பு 20 முதல் 25 கிராம். குதிரைக்கென்று தயாரித்த தாது உப்புக் கலவை அதன் அளவுப்படி.

கொள்ளும் தானியமும் மூன்று வேளையாகப் பிரித்துத் தரப்பட வேண்டும். கொள்ளைப் பச்சையாகப் போடலாகாது. வேகவைத்தால்தான் அதிலுள்ள ஜீரணத் தடைப் பொருள் நீங்கும். பல் தேய்ந்த குதிரைக்குப் புல்லைச் சிறிதாக நறுக்கி, தீனியை ஜலத்தில் ஊறவைத்துக் குழைவாகக் கொடுக்க வேண்டும். உலர்ந்த தீனியை அவசரமாக விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மேலும் புஷ்டி வேண்டுமாயின் தானியத்தைக் கூட்டாமல் சமையல் எண்ணெயைச் சேர்க்கலாம். 25 மில்லியில் தொடங்கி, மூன்று வாரத்தில் 100 மில்லி வரை கூட்டலாம். எந்தப் புதுத் தீனியையும் 7 முதல் 10 நாளில் மெதுவாகவே மாற்ற வேண்டும். மிகவும் இளைத்துப் பட்டினி கிடந்த குதிரைக்கு முதலில் தானியமே கொடாமல், புல்லைச் சிறிது சிறிதாகக் கொடுத்துத் தேற்ற வேண்டும். திடீரென வயிறு நிரம்பக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சுத்தமான ஜலம் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

குதிரை மசால் என்ற பெயரே இப்பயிர் யாருக்கு உகந்தது என்பதைக் காட்டும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிக்கது. ஜூலை முதல் டிசம்பர் வரை விதைக்கலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். முதல் அறுவடை 75 முதல் 80 நாளிலும், பின்னர் 25 முதல் 30 நாளுக்கு ஒருமுறையும் கிடைக்கும். ஒரு குதிரைக்குச் சில சென்ட் நிலமே போதும்.

தவிட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. தவிடு மலிவு என்று அதையே பெரிதும் கொடுத்தால் எலும்பிலுள்ள சுண்ணாம்பு கரைந்து, முக எலும்பு வீங்கி, கால் மாறி மாறி நொண்டும். எருமைப்புல், கினிப்புல் போன்ற சில புற்களிலுள்ள ஆக்ஸாலிக் அமிலச் சத்தும் சுண்ணாம்பு உடலில் சேராதபடி தடுக்கும். மாட்டிற்கு நல்ல புல்லெல்லாம் குதிரைக்கும் நல்லதென்று எண்ணலாகாது. அவற்றையே முழுத் தீனியாக்காமல், மசாலும் தாது உப்பும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை: யூரியா தெளித்த வைக்கோல், பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், இது மூளையைக் கெடுக்கும், கோழித் தீனி, இதில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து குதிரையின் இருதயத்தைத் தாக்கி உயிரைப் போக்கும்.

இத்தனையும் செய்தும் உடல் தேறாமல், மயிர் நீண்டு உதிராமலும், வயிறு தொங்கியும், மிகுதியாக ஜலம் குடித்தும் இருந்தால், அது மூளையடிச் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். 15 வயதிற்கு மேல் இது காணப்படும். இத்தகைய குதிரைக்குத் தானியம் கொடுத்தால் குளம்பு வாதம் வரும்; வைத்தியர் யோசனைப்படியே நடக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஈ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. எளிதாக ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து செல்லும். ஒருவர் மட்டும் லாயத்தைச் சுத்தமாக வைத்து, அண்டை வீட்டுக் குப்பை திறந்து கிடந்தால் பயனில்லை. குப்பைக்குழிகளை மூடச் செய்வது ஊருக்கே நன்மை.

மூக்கிலிருந்து சீழ் ஒழுகுதல், தோலில் கட்டிகள் வரிசையாக உடைந்து புண்ணாதல் ஆகியவை கிளாண்டர்ஸ் என்னும் தொற்று வியாதியின் குறிகள். இது மனிதரையும் பற்றிக் கொல்லக் கூடியது. 2009-ஆம் ஆண்டின் பிராணிகள் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி, அட்டவணையிலுள்ள நோயைச் சந்தேகித்தால் உடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்க வேண்டும். அவர் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதுவரை குதிரையைத் தனியே கட்டி, அதன் தொட்டியையும் வாளியையும் பிற பிராணிகளுக்குக் கொடாதிருக்க வேண்டும். முதிர்ந்த குதிரையைப் பட்டினியால் வருந்தும்படி சாலையில் விட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, குதிரை இளைத்தால் முதலில் வாயையும் ரத்தத்தையும் சாணத்தையும் சோதிப்பித்து, ஈ பிறக்கும் குப்பையை அகற்றி, பிறகு தீனியை நிதானமாகக் கூட்டுவதே முறை. இவ்வரிசை மாறினால் செலவு வீணாகும். இளமையில் பந்தயம் ஓடியும் பாரம் இழுத்தும் உழைத்த பிராணிக்கு அதன் முதுமையில் செய்யும் இச்சிறு பணியைக் குடியானவர்கள் சுமையென்று கருதமாட்டார்கள்.